எக்ஸ்ரேக்குப் பாயசம் வைத்த அமிர்தவல்லி

அமிர்தவல்லி என்கிற பேரை நான் முதலில் கேட்டது என் கொழுந்தன் பழனிசாமியின் கல்யாணத்தில், தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால். அந்தக் கொஞ்சம் முன்னால்தான் வம்பே.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்ததும் பெண்கள் குலவை போடுவோம். குலவை கேட்டால்தான் நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் வாசிப்பார். அன்றைக்குப் பழனிசாமி தாலியைக் கையில் வாங்கி, மஞ்சள் கயிற்றில் முறுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று பெண்வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குலவை எழும்பியது பாருங்கள், பந்தல் துணி ஆடினது மாதிரி இருந்தது எனக்கு. மேளக்காரர் அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஜனங்கள் அட்சதையை வாரி வீசிவிட்டார்கள். கண்ணுக்குள் அரிசி விழுந்த பழனிசாமி, தடவித் தடவித் தாலியை ஒரு கழுத்துப் பக்கம் கொண்டுபோனான். அது முடிச்சுப் போடக் குனிந்து நின்ற என் நாத்தனார் கழுத்து.

"அட கூறுகெட்டவனே, நான் உன் அக்காடா!" என்று அவள் கத்தினது மேளத்துக்கு மேலே கேட்டது.

"யாருடி அவ, அவசரக் குலவை போட்டவ?" என்று என் மாமியார் பல்லைக் கடித்தார்.

"பொண்ணோட தாய்மாமன் மக. அமிர்தவல்லி" என்று யாரோ சொன்னார்கள்.

எல்லாரும் அவளைத் திட்டிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு ஆள் என் பக்கத்தில் வந்து குனிந்தான். என் மாமனாருடைய அண்ணன் மகன் ஆவுடையப்பன். போர்ட் பிளேயர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலை அவனுக்கு. "மதினி, அந்தக் குலவைய யாருக்காவது பேசி வச்சிருக்காங்களா?" என்று கேட்டான். அமிர்தவல்லியின் முகத்தை அவன் அப்போது பார்க்கக்கூட இல்லை. அடுத்த ஆவணியில் அமிர்தவல்லி எனக்கு ஓரகத்தி ஆனாள். என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் போர்ட் பிளேயரில் நம் ஜனங்களின் நல்ல காரியம் எதுவும் அவள் இல்லாமல் நடக்கவில்லை. அம்மன் கோயில் பொங்கலில், பால் பொங்கத் தொடங்கும்போது ஆரம்பித்தாள் என்றால் பானை நுரைத்து வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் ஒரே மூச்சு. சொந்தக்காரர் யாராவது மெயின்லாண்டுக்குக் கப்பல் ஏறினால் ஜெட்டியில் நின்று ஒரு குலவை. ஒரு தடவை அவள் குலவை போட, கப்பல் ஹாரன் அடிக்க, மறுபடி அவள் போட, மறுபடி ஹாரன் அடிக்க, கயிற்றை அவிழ்க்க வேண்டிய ஆவுடையப்பன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றான். மேலே இருந்து ஒரு ஆபீசர், "அரே ஆவுடை, ரஸ்ஸி சோடோ!" என்று கத்தின பிறகுதான் கயிற்றை விட்டான்.

அவர்களுக்கும் எங்கள் டெலானிபூரிலேயே குவார்ட்டர்ஸ். ரோட்டிலிருந்து படி ஏறிப் போகணும். பக்கத்து வீடு ரெங்கம்மா. அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்தவர்கள். ரெங்கம்மாவும் குலவை போடுவாள். ஆனால் அது கொழுந்து கிள்ளுகிற மாதிரி ஒடித்து ஒடித்துப் போடுகிற குலவை. "உங்களுது குலவையா, விக்கலா?" என்பாள் அமிர்தவல்லி. "ஒங்களுது மட்டும் என்னா, பாம்பூஃபிளாட் ஃபெர்ரி சங்கு" என்பாள் ரெங்கம்மா. காலையில் இப்படிப் பேசிவிட்டு மத்தியானம் இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் மீன் குழம்பு மாற்றிக்கொள்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அமிர்தவல்லி சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரியை விட்டு இறங்கும்போது பாசியில் வழுக்கி விழுந்தாள். கையில் ஒரு பலாப்பழம். பழத்தை விடாமல் பிடித்துக்கொண்டு காலை முறித்துக்கொண்டாள். "பழத்துக்கு ஒண்ணும் ஆகலையே" என்றுதான் முதலில் கேட்டாளாம். மாவுக்கட்டுப் போட்டு ரொம்ப நாள் கட்டிலிலேயே கிடந்தாள். கட்டுக்கு மேலே கால் வீங்கிச் சிவந்தது. கட்டுப் போட்ட கால் வீங்கத்தானே செய்யும் என்று நாங்கள் எண்ணெய் தடவினோம். ஒரு நாள் காலையில் நெஞ்சில் சுருக்கென்று பிடித்து, மூச்சு விட முடியாமல் இருமினாள். எச்சிலில் லேசாக ரத்தம் கூட வந்தது. பக்கத்தில் ஒரு டாக்டர் சளிக்காய்ச்சல் என்று ஊசி போட்டார். தேறிக்கொண்டாள். கட்டும் பிரித்தார்கள்.

ஆனால் குலவை தேறவில்லை.

முதலில் கண்டுபிடித்தது அம்மன் கோயில் பானைதான். அந்த வருஷம் பால் இன்னும் விளிம்புக்கே வரவில்லை, அவள் குலவை நின்றுவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெங்கம்மா சும்மா இருப்பாளா? "என்னா அமிர்தம், பேட்டரி எறங்கிருச்சா?" என்று கேட்டுவிட்டு மீதியை அவள் ஒடித்து ஒடித்து முடித்தாள்.

அடுத்தாற்போல் டெலானிபூர்ப் படி. முதலில் நடுவில் ஒரு தடவை நின்றாள். அப்புறம் இரண்டு இடத்தில் நின்றாள். நிற்பது தெரியக் கூடாது என்று, நிற்கிற இடத்திலெல்லாம் யாரையாவது கூப்பிட்டு வம்பு பேசுவாள். "தீதி, மீன் கேசா தியா?" என்று வங்காளி வீட்டுக்காரியிடம் மீன் விலை கேட்பாள். அந்த அம்மாள் முட்டைகூடத் தின்னாதவள். உடம்பு பெருத்துவிட்டது என்றாள் ஒருத்தி. திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தாள் இன்னொருத்தி. ஆஸ்துமா என்று ஒருத்தர் இழுக்கிற மருந்து கொடுத்தார். அதைப் புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டு அலைந்தாள். ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதற்கு நடுவில் அவள் மகள் சித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் என்று பேச்சு. அமிர்தவல்லிக்கு மூச்சைப் பற்றி அப்போதுதான் பயம் வந்தது. "அக்கா, ஊர்ல உள்ள கழுதைக்கெல்லாம் நான் போட்டேன். என் மக கல்யாணத்துல ரெங்கம்மாவா விக்கிக்கிட்டு நிப்பா?" என்று என்னிடம் புலம்பினாள். நான்தான் இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தேன்.

படம் எடுக்கிறவர், "மாஜி, சாஸ் அந்தர் லோ... ரோக்கோ" என்றார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார். இவளுக்குப் பிடிக்க முடியவில்லை. "ரோக்க முடியலப்பா, ஓடிருச்சு" என்றாள். திரும்ப ஒரு தடவை எடுத்தார். அது சனிக்கிழமை. திங்கட்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வாருங்கள் என்றார்கள்.

திங்கட்கிழமை வரைக்கும் யார் பொறுப்பது? எங்கள் டெலானிபூரில் எக்ஸ்ரே பார்க்கத் தெரியாதவர் கிடையாது, அதாவது அப்படி ஒரு நினைப்பு எங்களுக்கு. ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒருத்தருக்கு டி.பி. இருந்தது. படத்தை ஜன்னலில் பிடித்து, வெள்ளைத் திட்டு இருந்தால் கெட்டது, கறுப்பாக இருந்தால் நல்லது என்று பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு ஜன்னலில் படம் ஏறினால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு அத்தனை பேரும் வந்துவிடுவார்கள்.

ஆவுடையப்பன் சமையலறை ஜன்னலில் படத்தைப் பிடித்தான். எல்லாரும் எட்டிப் பார்த்தோம். கறுப்பு! நல்ல பளபளப்பான கறுப்பு. அதுவும் ஒரு பக்கம் மேலே சும்மா மை மாதிரி. ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு இருந்தது. அது படத்தை மடித்த தழும்பு என்று தீர்ப்பு சொன்னேன் நான்.

"இருங்க" என்று ரெங்கம்மா ஓடினாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து தன்னுடைய பழைய டி.பி. படத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தாள். பஞ்சு வெடித்த மாதிரி வெள்ளை.

"பாரு ரெங்கம்மா, நல்லா பாரு! ஒன்னுது அடுப்படி மாவு கொட்டின மாதிரி. என்னுது கழுவி விட்ட மாதிரி!" என்று அமிர்தவல்லி குதித்தாள்.

"ஆமா ஆமா, நெஞ்சுக்குள்ள ஒண்ணுமே இல்ல, காலியாத்தான் இருக்கு" என்றாள் ரெங்கம்மா. அவள் கேலிக்குச் சொன்னாள். அதுதான் பாதி உண்மை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அன்றைக்கே சேமியா பாயசம். முந்திரி போட்டு, நெய் விட்டு, குவார்ட்டர்ஸ் முழுக்க ஆளுக்கு ஒரு தம்ளர். எக்ஸ்ரே நன்றாக வந்ததற்குப் பாயசம் வைத்தவளை நீங்கள் வேறு எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். படத்தை எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, ஓரத்தில் சந்தனமும் வைத்தாயிற்று. "ஒரு குலவையப் போட்டு விடு அமிர்தம், டெலானிபூரே கேக்கட்டும்" என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம்.

முந்தானையை இழுத்துச் செருகி, வாயை மறைத்து, அமிர்தவல்லி ஆரம்பித்தாள். நன்றாகத்தான் கிளம்பியது. அப்புறம் நடுவில் சுருதி இறங்கி, நாக்கு மட்டும் அசைந்து, சத்தம் வரவில்லை. உதடு நாவல்பழம் தின்றது மாதிரி ஆனது. அப்படியே சுவரைப் பிடித்து வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். முதலில் ரெங்கம்மாதான் பாயசத் தம்ளரை வீசிவிட்டு ஓடிப் போய்த் தாங்கினாள். "அமிர்தம்! ஏய் அமிர்தம்! நா சும்மா சொன்னேன்டி!" என்று அழுதாள்.

படத்தையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன் வைத்ததும் கண்ணைத் திறந்தாள். அங்கே டாக்டர் ஷோபனா என்று நாகர்கோவில் பக்கத்துப் பெண். எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டார்.

"எடுத்தாச்சு டாக்டர். படம் சுத்தமா இருக்கு. நாங்க பாத்துட்டோம்" என்றான் ஆவுடையப்பன்.

"நீங்க பாத்துட்டீங்களா? அப்ப சரி. நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றார் அந்தப் பெண். சந்தனம் வைத்த படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சந்தனத்தைத் துடைத்தார். அப்புறம் சிரிப்புப் போய்விட்டது அவருக்கு.

"இந்தக் கறுப்பு நல்ல கறுப்பு இல்லம்மா" என்றார். எங்களுக்குப் புரிகிற மாதிரி விரலை வைத்து வைத்துக் காட்டினார். நுரையீரல் என்றால் வெறும் கறுப்பாக இருக்காதாம். ரத்தக் குழாய்கள் மெல்லிசு மெல்லிசாக வெள்ளைக் கோடு மாதிரி ஓரம் வரைக்கும் ஓடணுமாம். இவளுக்கு நடுவில் இருக்கிற பெரிய குழாய் பருத்துப் போயிருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனதும் வெட்டிவிட்ட மாதிரி நின்றுபோகிறது. மை மாதிரி கறுத்த இடத்துக்கெல்லாம் ரத்தம் சரியாகப் போகவில்லை. அதனால்தான் கறுப்பு. இருதயத்தின் வலது பக்கம் தள்ளித் தள்ளிப் பெருத்திருக்கிறது. நான் மடிப்புத் தழும்பு என்று சொன்னேனே, அந்த வெள்ளைக் கோடு மடிப்பு இல்லையாம். நுரையீரல் ஓரத்தில் முன்பு ரத்தம் கிடைக்காமல் புண்ணாகி ஆறின தழும்பாம். நான் ஆவுடையப்பனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"கால்ல எப்பவாவது அடிபட்டதா?" என்று கேட்டார்.

"பலாப்பழம்" என்றாள் அமிர்தவல்லி மாஸ்க்குக்குள்ளிருந்து. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் கதையைச் சொன்னோம்.

அசையாமல் கிடந்த காலில் ரத்தம் கட்டியாகி, அது மேலே ஏறி நுரையீரல் குழாயில் போய் அடைத்திருக்கலாம், கரையாமல் அங்கேயே ஒட்டி இறுகிவிட்டிருக்கலாம் என்றார். "உங்க டெலானிபூர் தண்ணி பைப் மாதிரி நினைச்சுக்கோங்க. கிளை பைப்பெல்லாம் அடைச்சுக்கிச்சு. மோட்டார் நிக்காம தள்ளுது. மெயின் பைப் வீங்குது."

"எங்க பைப்புல தண்ணி வர்ற அன்னிக்குத்தானே டாக்டர் அடைச்சிருக்கான்னு தெரியும்" என்றாள் அமிர்தவல்லி. மூச்சு வாங்குகிறது, வாய் மட்டும் அடங்கவில்லை.

டாக்டர் சிரித்துவிட்டார். "படம் சாடைதான் சொல்லும்மா. எக்கோ எடுக்கணும், ஸ்கேன் எடுக்கணும். அதுக்கு முன்னால இதுதான் வியாதின்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

எக்கோ எடுத்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்டதுதான். நுரையீரல் குழாயில் பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை கொடுத்து, சென்னைக்கு எழுதினார். அப்படியே விட்டால் இருதயம் களைத்து நின்றுபோகும் என்று ஆவுடையப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் வெளியே வந்து, வராந்தாத் தூணைக் கப்பல் கயிறு மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அமிர்தவல்லி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஆபரேஷன் பண்ணினா குலவை வருமா டாக்டர்?"

"மூச்சு வந்தா குலவையும் வரும்மா. அது வரைக்கும் ஒரு குலவை போடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றார். சத்தியம் பண்ணினாள். கல்யாணத்தைத் தையிலிருந்து வைகாசிக்குத் தள்ளினோம்.

கப்பல் வேண்டாம், நாள் அதிகமாகும், பிளேனில் போங்கள் என்றுவிட்டார்கள். அவர்கள் இரண்டு பேரோடு நானும் போனேன். ஆயுசு பூராவும் கப்பல் ஜெட்டியில் நின்ற ஆவுடையப்பன் பிளேனில் ஏறி உட்கார்ந்ததும், "மதினி, இத எதுல கட்டி வச்சிருக்காங்க?" என்று கேட்டான். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அமிர்தவல்லி சிரித்த சிரிப்பில் பணிப்பெண் ஓடி வந்துவிட்டாள்.

சென்னையில் ஒரு மருந்தை மூச்சில் இழுக்கச் சொல்லி ஒரு படம், இன்னொரு மருந்தை நரம்பில் ஏற்றி ஒரு படம் எடுத்தார்கள். காற்று எல்லா இடத்துக்கும் போகிறது, ரத்தம்தான் போகவில்லை என்று தெளிவாகிவிட்டது. சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். இவளுக்கு அடைப்பு கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, நெஞ்சைத் திறந்து உரித்து எடுத்துவிடலாம் என்றார்கள். உடம்பைக் குளிர வைத்து, இருதயத்தை நிறுத்தி வைத்துச் செய்கிற ஆபரேஷன். பிழைக்காதவர்களும் உண்டு என்று மறைக்காமல் சொன்னார்கள்.

உள்ளே கொண்டுபோகிற காலையில் என் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் வரலைன்னா ரெங்கம்மாவையே போடச் சொல்லு."

"சும்மா இருடி."

"இல்லக்கா, கேளு. அவளையே போடச் சொல்லு. ஆனா கொஞ்சம் சத்தமா போடச் சொல்லு. விக்கல் மாதிரி போட்டு மானத்த வாங்கிறப் போறா."

நான் சிரித்துக்கொண்டே அழுதேன். ஸ்டிரெச்சரைத் தள்ளுகிற ஆளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்த பெரிய டாக்டர், உள்ளே இருந்து எடுத்ததைப் போனில் படம் பிடித்துக் காட்டினார். கிளை கிளையாக, இஞ்சிக் கிழங்கு மாதிரி. இத்தனையும் அவளுக்குள்ளேயா என்று எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. பிறகு கண் விழித்து நாலு வார்த்தை பேசத் தெம்பு வந்ததும் அவளிடம் அதைச் சொன்னோம். "இஞ்சின்னா தொட்டியில நட்டு வச்சிருந்தா ரசத்துக்காவது ஆயிருக்கும்" என்றாள். சரி, பிழைத்துவிட்டாள் என்று அப்போதுதான் ஆவுடையப்பன் ஒரு காபி குடித்தான்.

மூச்சுக்குப் பயிற்சி என்று மூன்று பந்து இருக்கிற ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்தார்கள். இவள் ஊதினாள். "ஊதாதீங்கம்மா, உள்ள இழுங்க" என்றாள் நர்ஸ். "நான் வாழ்நாள் பூரா வெளியதான் விட்டிருக்கேன், இப்ப போய் இழுங்கன்னா?" என்று சண்டை. முதலில் ஒரு பந்து எழும்பி விழுந்தது. போகப் போக இரண்டாவதும் எழும்பியது. மூன்றாவது எழும்பின அன்றைக்கு, இருமும்போது நெஞ்சில் அணைத்துக்கொள்ளக் கொடுத்த தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தியத்தை மறந்து ஒரு சின்னக் குலவை போட்டாள். கீழ் வாசலில் இருந்த வாட்ச்மேன் தீ விபத்து மணி என்று நினைத்து மேலே ஓடி வந்தார். நர்ஸ் திட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள்.

வைகாசியில் சித்ரா கல்யாணம். மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் அமிர்தவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கதை அவருக்கும் தெரியும். அவர் அப்பாதான் அன்றைக்கு வாசித்தவர். மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைக்கும் வரைக்கும் அமிர்தவல்லி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ரெங்கம்மா அவள் இடுப்பில் கிள்ளி, "இப்ப போடு" என்றாள்.

போட்டாள். பழைய குலவைதான், ஆனால் முழுசு இல்லை. பாதியில் மூச்சு வாங்க நின்றாள். குலவை நின்றுபோய்ப் பார்த்திருக்கிறேன், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் தொடர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். அந்த இடைவெளியில் ரெங்கம்மா ஒடித்து ஒடித்துப் போட்டு நிரப்பினாள். அமிர்தவல்லி மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். இப்படியே இரண்டு பேரும் மாற்றி மாற்றி, மாப்பிள்ளை மூன்று முடிச்சுப் போட்டு முடித்து, மேளம் ஓய்ந்து, அட்சதை தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. "போதும்டி, பந்தி வைக்கணும்" என்று நான்தான் போய் நிறுத்தினேன்.

அமிர்தவல்லி இப்போது டெலானிபூரில் அதே குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறாள். ரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறாள். படியில் ஒரே ஒரு இடத்தில் நிற்கிறாள், ரெங்கம்மா வீட்டு வாசலில், அதுவும் வம்பு பேசத்தான்.